மருந்தோடு செலவையும் சொல்லுங்கள்

தமிழ்நாட்டின் புற்றுநோய் மருத்துவர்களுக்கு,

அரசு மருத்துவமனையில் இருப்பவர், அறக்கட்டளை மருத்துவமனையில் இருப்பவர், கார்ப்பரேட் மருத்துவமனையில் இருப்பவர் என்று பிரிக்காமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கட்டணத்தைக் குறையுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. அதைக் கேட்க வேண்டிய இடங்கள் வேறு. பணத்தைப் பற்றி நீங்கள் எங்களோடு பேச வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

உங்கள் எதிரே வந்து உட்காரும் குடும்பம் ஏதேதோ கேட்கும். முடி கொட்டுமா, கறி மீன் சாப்பிடலாமா, குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா, கரண்ட் வைக்க வேண்டியிருக்குமா என்றெல்லாம் கேட்கும். மனசுக்குள் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் கேள்வியை மட்டும் கேட்காது. மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு "எவ்வளவு ஆகும்?" என்று எந்தக் கணவன் கேட்பான்? உயிரை விடப் பணம் பெரிதாகப் போய்விட்டதா என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்ற பயம் ஒன்று. வசதியில்லை என்று தெரிந்தால் சிகிச்சையில் குறை வைத்துவிடுவீர்களோ என்ற பயம் இன்னொன்று. நோயாளிக்கோ, தன்னால் வீடு கடனில் விழுகிறது என்ற குற்ற உணர்வு. ஆகவே யாரும் வாயைத் திறப்பதில்லை. நீங்களும் திறப்பதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் பில் கவுன்டரில் கிடைக்கிறது, அதுவும் தவணை தவணையாக.

என் அக்காவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தபோது அவளும் மாமாவும் குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சொந்தத் தறிதான், ஆனால் கூலி நெசவு. ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் காட்டினோம். அந்த மருத்துவர் நல்லவர். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் மார்பையும் அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளையும் படம் வரைந்து காட்டினார். முதலில் கீமோ, அப்புறம் ஆபரேஷன், அப்புறம் ரேடியேஷன், இவற்றோடு ஒரு வருஷத்துக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தனியாக ஓர் ஊசி என்று ஒவ்வொன்றாக விளக்கினார். "சரியாயிடும்மா" என்று அக்காவின் கையைத் தட்டினார். எழுந்திருக்கும்போது மாமா பாதிக் குரலில், "எவ்வளவுங்க ஆகும்?" என்றார். "அதெல்லாம் கவுன்டர்ல சொல்லுவாங்க" என்றார் மருத்துவர். அதற்குள் அடுத்த நோயாளியின் ஃபைல் மேசைக்கு வந்திருந்தது.

கவுன்டரில் இருந்த பையன் அன்றைக்குக் கட்ட வேண்டிய தொகையைச் சொன்னான். அவனுடைய கம்ப்யூட்டரில் இருந்தது அவ்வளவுதான். மொத்தம் எவ்வளவு என்ற கணக்கு அந்தக் கட்டடத்தில் யாரிடமும் இல்லை. அக்காவின் கழுத்தில் கிடந்தது அடகுக்குப் போனது. பிறகு தறிகள் ஒவ்வொன்றாகப் போயின. ஊசி பாதிகூட முடியவில்லை, கையிருப்பு முடிந்துவிட்டது. மாமா மருத்துவரிடம் போய்ப் பணம் தீர்ந்துவிட்டது என்று சொல்லவில்லை. மருத்துவமனையிலிருந்து வந்த போனை எடுக்காமல் விட்டார். பின்னால் வேறு இடத்தில் சேர்ப்பதற்காக ஃபைலை வாங்கியபோது பார்த்தேன். நோயாளி தொடர் சிகிச்சைக்கு வரவில்லை என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தது. ஏன் வரவில்லை என்று யாரும் எழுதவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

உங்கள் ஃபைல்களில் இப்படி எத்தனை வரிகள் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பணம் தீர்ந்தவர்கள் எல்லோரும் ஒரேயடியாக நின்றுவிடுவதில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வர வேண்டியவர் ஐந்தாவது வாரம் வந்து, ஊரில் ஒரு சாவு என்பார். வெள்ளணு ஏற்றும் ஊசியை வெளியே வாங்கிப் போட்டுக்கொண்டேன் என்பார், போட்டிருக்க மாட்டார். தினமும் போட வேண்டிய மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு, ஒரு மாதத்து டப்பாவை இரண்டு மாதத்துக்கு இழுப்பார். முதுகு வலிக்கிறது என்று சொன்னால் இன்னொரு ஸ்கேன் எழுதுவீர்கள் என்பதற்காகவே வலியை மறைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு இது எதுவும் தெரிய வராது. மருந்து கேட்கவில்லை, நோய் மிஞ்சிவிட்டது என்று நினைத்து அதைவிட விலை கூடிய அடுத்த மருந்துக்கு மாற்றுவீர்கள். செலவைப் பேசாததால் சிகிச்சையே தவறிப்போகும் இடம் இது. இது மருத்துவத்துக்கு வெளியே உள்ள விஷயம் என்று எப்படி ஒதுக்க முடியும்? அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கமான ஆஸ்கோ, செலவைப் பற்றி நோயாளியோடு பேசுவது தரமான சிகிச்சையின் ஒரு பகுதி என்று 2009-லேயே அறிவித்துவிட்டது. உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பின்படி 2022-ல் இந்தியாவில் மட்டும் புதிதாக 14 லட்சம் பேருக்கு மேல் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. பெரும்பாலான வீடுகளில் சேமிப்பு என்பது நகையும் கொஞ்சம் நிலமும்தான். அந்த வீடுகளில் பேச்சு இன்னும் தொடங்கவேயில்லை.

மருந்து விலை எங்கள் கையிலா இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். பெரும்பகுதி உங்கள் கையில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அந்தப் போராட்டங்கள் வேறு இடங்களில் நடந்தன. அவற்றில் முக்கியமான ஒன்று நம் சென்னையிலேயே தொடங்கியது. ரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மருந்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்டிஸ் நிறுவனம் 1998-ல் விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். 2006-ல் அந்த அலுவலகம் மறுத்தது. 2007-ல் சென்னை உயர் நீதிமன்றம் நிறுவனத்தின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் கடைசித் தீர்ப்பைச் சொன்னது. மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விற்ற மருந்தின் உள்நாட்டு வடிவம் பத்தாயிரத்துக்குள் கிடைப்பது அதனால் நிலைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, மாதத்துக்கு 2,80,000 ரூபாய் ஆன சொராஃபெனிப் மருந்தை நாட்கோ நிறுவனம் 8,880 ரூபாய்க்குத் தயாரித்து விற்க அரசு கட்டாய உரிமம் கொடுத்தது. 2019-ல் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வியாபார லாபம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு வரம்பு வைத்ததும் 390 பிராண்டுகளின் அதிகபட்ச விலை இறங்கியது, சிலவற்றில் 87 சதவீதம் வரை. இந்தக் கடைசிக் கணக்கு என்னை இன்னும் உறுத்துகிறது. அட்டையில் அச்சிட்ட விலையில் அவ்வளவு பங்கு மருந்துக்கே சம்பந்தமில்லாமல் இருந்திருக்கிறது. அந்த விலையைத்தான் தாலியை அடகு வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

வழக்குகளும் ஆணைகளும் செய்ய வேண்டியதைச் செய்தன. ஆனால் ஒரு மருந்துக்குப் பல பிராண்டுகள் இருக்கும்போது எதை எழுதுவது, எத்தனை முறை, எந்த அளவில், எத்தனை நாள் என்பதெல்லாம் உங்கள் பேனாவில் இருக்கிறது. அதை எந்த நீதிமன்றமும் தீர்மானிக்க முடியாது.

உங்கள் துறையைப் பற்றி உங்களுக்கே சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இவற்றையெல்லாம் நான் உங்கள் துறையினர் வெளியிட்ட ஆய்வுகளில்தான் தெரிந்துகொண்டேன். தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றிய நிலையில் நிவோலுமாப் ஊசி வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். அந்த அளவில் அதை வாங்கக்கூடியவர்கள் இந்தியாவில் மிகச் சிலர். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் வழக்கமான மலிவு மாத்திரைகளோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் சேர்த்துப் பார்த்தார்கள். ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாகக் கூடினார்கள். ஒரு சின்னக் குப்பியில் 40 மில்லிகிராம் இருக்கிறது. ஒரே நாளில் இருவருக்கு ஊசி போட ஏற்பாடு செய்தால் ஒரு குப்பி இருவருக்கு ஆகும். புராஸ்டேட் புற்றுநோய்க்கான அபிராடெரோன் மாத்திரையை வெறும் வயிற்றில் 1,000 மில்லிகிராம் போடுகிறார்கள். காலைச் சாப்பாட்டோடு 250 மில்லிகிராம் போட்டாலும் பலன் குறையவில்லை என்று ஒரு சிறிய ஆய்வு 2018-ல் காட்டியது. நான்கில் ஒரு பங்கு மாத்திரை, நான்கில் ஒரு பங்கு செலவு.

ரேடியேஷனையும் எடுத்துக்கொள்ளுங்கள். மார்புக்கு ஐந்து வாரம் கொடுத்ததை மூன்று வாரத்தில் முடித்தாலும் சமம் என்று நிரூபித்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தகுந்தவர்களுக்கு ஒரே வாரத்தில், ஐந்து தடவையில் முடிக்கலாம் என்று பிரிட்டனில் நடந்த ஆய்வு 2020-ல் வந்தது. எலும்பில் பரவிய வலிக்கு ஒரே ஒரு தடவை போதும் என்பது அதற்கும் பழைய செய்தி. மருத்துவமனைக் கணக்கில் இது எத்தனை அமர்வு என்ற எண் மட்டும்தான். ராமநாதபுரத்திலிருந்து வந்து சென்னையில் லாட்ஜ் எடுத்துத் தங்கும் குடும்பத்துக்கு நான்கு வார வாடகை, நான்கு வார ஓட்டல் சாப்பாடு, துணைக்கு வந்தவரின் நான்கு வாரக் கூலி, ஊரில் பாட்டியிடம் விட்டுவந்த பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. சிகிச்சைச் செலவு என்றதும் நீங்கள் மருந்தை நினைக்கிறீர்கள். நாங்கள் இதையும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், இதற்கு எந்தக் காப்பீடும் இல்லை.

என் அக்காவின் கதைக்கு வருகிறேன். அவளுக்கு எழுதிய ஒரு வருஷ ஊசி டிராஸ்டுஸுமாப். பன்னிரண்டு மாதம் போட்ட பெண்களையும் ஆறு மாதம் போட்ட பெண்களையும் பிரிட்டனில் ஒப்பிட்டார்கள், நாலாயிரம் பேருக்கு மேல். நான்கு ஆண்டு கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முதல் குழுவில் 89.8 சதவீதம், இரண்டாவது குழுவில் 89.4 சதவீதம். இது 2019-ல் வந்தது. பன்னிரண்டு மாதம்தான் இன்றைய நடைமுறை என்று நீங்கள் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். யாருக்கு எது பொருந்தும் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் ஒரு வருஷத்துக்கு வழியில்லாத பெண்ணுக்கு ஆறு மாதம் என்று ஒன்று இருப்பதை யாராவது சொல்லியிருக்க வேண்டாமா? ஒரு வருஷம் அல்லது ஒன்றுமில்லை என்றுதான் அவள் புரிந்துகொண்டாள். ஒரு வருஷம் முடியாது என்று ஆனதும் ஒன்றுமில்லை என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டாவதாகக் கொண்டுபோன மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர், பெண். ஃபைலைத் திறப்பதற்கு முன்னால் கேட்டார், "என்ன வேலை பண்றீங்க? இதுவரைக்கும் எவ்வளவு செலவாயிருக்கு? காப்பீட்டு அட்டை எடுத்துட்டீங்களா?" மாமா அழுதுவிட்டார். அதற்குமுன் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அந்த மருத்துவர் ஒரு வெள்ளைத் தாளில் மருந்தின் பெயர், எத்தனை தடவை, ஒரு தடவைக்கு எவ்வளவு, எதைத் திட்டத்தில் வாங்கலாம், எதைக் கையிலிருந்து கட்ட வேண்டும் என்று எழுதி, கீழே கோடு போட்டு மொத்தம் கூட்டினார். ஊசிக்கு உள்நாட்டு பயோசிமிலரை எழுதினார். 2014 முதலே இங்கே விற்பனையில் இருக்கும் வகை அது. அதுவரை எங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அந்தத் தாள் எழுத அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. அக்கா இன்று நன்றாக இருக்கிறாள்.

காப்பீட்டு அட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையோடும் ஆதாரோடும் கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்துக்குப் போனால் அட்டை கிடைக்கும். ஆனால் இது முன்அனுமதி வாங்கிச் செய்யும் சிகிச்சை. அட்டை எடுக்கும் முன் நாம் கட்டிய பணம் திரும்பி வராது. ஆகவே நீங்கள் அதைச் சொல்ல வேண்டியது முதல் நாள். நான்காவது ஊசியின்போது சொல்வதில் பயனில்லை. உங்கள் மருத்துவமனை அந்தத் திட்டத்தில் இல்லை என்றால் அதையும் அன்றைக்கே சொல்லுங்கள். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அண்ணா பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. புதுவை ஜிப்மர் இருக்கிறது. மதுரையிலும் கோவையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் சிகிச்சை இருக்கிறது. எல்லாவற்றையும் விற்ற பிறகு கடைசியில் அங்கே போய் நிற்பதற்குப் பதில், நோய் ஆரம்பத்தில் இருக்கும்போதே போயிருக்கலாமே என்று எத்தனை குடும்பங்கள் வயிற்றெரிச்சல்படுகின்றன. ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணமே கிடையாது, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. அதற்கு வேண்டியது மருத்துவமனையின் கையெழுத்து போட்ட ஒரு படிவம். அப்படியொன்று இருப்பதைப் பெரும்பாலானவர்கள் சக நோயாளிகளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

பணத்தைப் பேசினால் எங்களை வியாபாரி என்பார்கள் என்று உங்களில் சிலர் தயங்குவது எனக்குப் புரிகிறது. பேசாமல் இருப்பதால்தான் அந்தச் சந்தேகம் வளர்கிறது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். மருத்துவருக்குப் பணப் பேச்சு அழகல்ல என்ற எண்ணம் இந்த மண்ணில் இந்தத் துறையைத் தொடங்கியவர்களுக்கு இருந்ததில்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு தொடங்கி, டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வளர்த்தெடுத்த மருத்துவமனையில், நோயாளியால் எவ்வளவு முடியும் என்பது சிகிச்சைக்குள்ளேயே அடங்கிய கேள்வியாக இருந்தது. முடியாதவர்களுக்கு இலவசமாகவும் குறைந்த கட்டணத்திலும் பார்ப்பதற்கு அந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

தொகையைக் கேட்டதும் குடும்பம் பயந்து நோயாளியைக் கூட்டிக்கொண்டு போய்விடும் என்பது இன்னொரு தயக்கம். சிலர் போவார்கள். ஆனால் முழுத் தொகையும் தெரிந்து போகிறவர் கையில் பணம் மிச்சமிருக்கும்போது வேறு இடம் தேடிப் போகிறார். தெரியாமல் தொடங்கியவர் பாதியில், கையில் ஒன்றுமில்லாமல், நோயும் குணமாகாமல் போகிறார். முதல் நாள் எல்லாவற்றையும் சரியாகக் கணிக்க முடியாது என்பதும் உண்மைதான். அப்படியானால் இத்தனையிலிருந்து இத்தனைக்குள் என்று சொல்லுங்கள். தொற்று வந்து அட்மிட் ஆனால் இன்னும் கூடலாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். நேரம் இல்லை என்று சொன்னால் அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை, உங்கள் ஓ.பி. கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். உங்களால் முடியாவிட்டால் உங்கள் பெயரில் பேச ஒரு நர்ஸையோ சமூகப் பணியாளரையோ பழக்குங்கள். ஆனால் தொடக்கம் உங்கள் வாயிலிருந்து வர வேண்டும். நீங்கள் கேட்டால்தான் எங்களுக்குச் சொல்லத் துணிவு வரும்.

எல்லாவற்றையும் விடக் கடினமான ஒன்றை இனிமேல்தான் சொல்லப் போகிறேன். நோயைக் குணப்படுத்தும் மருந்துக்கும், சில மாதங்களைக் கூட்டித் தரும் மருந்துக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். அதை எழுதும்போதே தெரியும். காட்டை விற்கும் குடும்பத்துக்குத் தெரியாது. "நல்ல மருந்து, புதுசா வந்திருக்கு" என்று நீங்கள் சொன்னால் அவர்கள் காதில் விழுவது பிழைத்துவிடுவார் என்பது. மூன்று மாதமோ ஆறு மாதமோ கூடுதலாகக் கிடைப்பதற்காக நிலத்தை விற்க ஒருவர் முடிவெடுத்தால் அது அவர் உரிமை. அந்த மாதங்களின் அருமையை வெளியில் நிற்கும் யாரும் எடை போட முடியாது. ஆனால் தெரிந்து முடிவெடுக்க வேண்டும். மகளின் கல்லூரிக் கட்டணத்தை எடுத்து அப்பாவுக்கு ஊசி போடலாமா என்று அந்த அப்பாவே தீர்மானிக்கட்டும். பல அப்பாக்கள் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர்களைச் சொல்ல விடாமல் வைத்திருப்பது கருணை ஆகாது. வலியைத் தணிக்கும் சிகிச்சையும் மார்ஃபினும் குறைந்த செலவில் கிடைக்கின்றன. அதுவும் ஒரு வழி என்று முதலிலேயே சொன்னால் உங்களைக் கைவிட்டவர் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதைத்தான். முதல் கீமோ ஏறுவதற்கு முன்னால், முதல் ரேடியேஷனுக்குக் கோடு போடுவதற்கு முன்னால், நோயாளியின் கையில் ஒரு தாளைக் கொடுங்கள். தமிழில். இந்தச் சிகிச்சை குணப்படுத்தவா, நாளைக் கூட்டவா, வலியைக் குறைக்கவா என்று அதில் இருக்கட்டும். மொத்தம் எத்தனை மாதம், ஏறக்குறைய எவ்வளவு, அதில் அரசுத் திட்டம் எவ்வளவு தாங்கும், கையிலிருந்து எவ்வளவு போகும் என்று இருக்கட்டும். இதைவிடக் குறைந்த செலவில் இதே அளவுக்கோ கிட்டத்தட்ட இதே அளவுக்கோ பலன் தரும் வழி இருந்தால் அதுவும், இதே சிகிச்சை கிடைக்கும் அரசு மருத்துவமனையின் பெயரும் இருக்கட்டும். மருந்தின் பொதுப் பெயரை எழுதி, விலை குறைந்த பிராண்டை வெளிக்கடையில் வாங்கிவந்தாலும் போடுவோம் என்று எழுதுங்கள். அடுத்தடுத்த முறை வரும்போது வாந்தி இருக்கா, காய்ச்சல் இருக்கா என்று கேட்கிறீர்களே, அதே மூச்சில் "செலவுக்குச் சமாளிக்க முடியுதா?" என்றும் கேளுங்கள். வராமல் நின்றவருக்கு ஒரு போன் போட்டு, பணத்தால்தான் வரவில்லையா என்று கேட்கச் சொல்லுங்கள்.

மருத்துவக் கல்லூரியில் கற்பிக்கும் பேராசிரியர்களுக்கும் மருத்துவர் சங்கப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தத் தாளை ஒவ்வொருவரும் தனியாகத் தயாரிக்க வேண்டியதில்லை. எல்லா மருத்துவமனைகளுக்கும் பொதுவான ஒரு படிவத்தை நீங்கள் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தால் போதும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்காமல் நீங்கள் ஓர் ஆபரேஷன்கூடச் செய்வதில்லை. அந்தப் படிவத்தோடு இதையும் சேர்த்துக் கட்டுங்கள். உங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை வையுங்கள். படிவத்தை எழுதும்போது சிகிச்சை முடித்த நோயாளிகள் சிலரையும், பாதியில் நின்றவர்களின் வீட்டார் சிலரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டால் நாங்கள் வருவோம்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் தம்பி